அப்பாவை நான் தொலைத்த கல்லறைத் திருநாள்

தெரியாத விஷயத்தை யாராவது கேட்டால் "தெரியும்" என்று சொல்லிவிடுவது எனக்கு ஒரு வியாதி. ஒன்பதாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குப் பெரிய கும்பிடாகப் போட்டுவிட்டு வந்தவன் நான். படித்தவர்கள் "தெரியாது" என்றால் அடக்கம் என்பார்கள். நான் சொன்னால் "பாவம், படிக்கல" என்பார்கள். அதனால் யார் வழி கேட்டாலும் தெரியும். ஃபாரம் நிரப்பத் தெரியுமா என்றால் அதுவும் தெரியும். (அந்த ஃபாரத்தை மடித்து எடுத்துப்போய், பிளஸ் டூ படித்த தங்கை ஸ்டெல்லாவிடம் கொடுத்துக் கெஞ்சுவேன்.) இதோடு எந்நேரமும் கவலைப்படுகிற வியாதியும் சேர்ந்துகொண்டது. இரண்டும் கூட்டணி வைத்து என் இருபதாவது வயதில் செய்த காரியத்தைத்தான் எழுதுகிறேன். தாராளமாகச் சிரிக்கலாம். எங்கள் வீட்டில் சிரிக்கிறார்கள்.

நாங்கள் இருப்பது கீழ்க்கட்டளை. அப்பா சூசைராஜ், சிங்கப்பெருமாள் கோவில் பக்கம் ஒரு கம்பெனியில் ஃபிட்டர். நான் கோவிலம்பாக்கத்தில் ஒரு பெயின்ட் கடையில் வேலை. அந்த வருஷம் ஆகஸ்ட் மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, சொந்தக்காரக் குழந்தை ஒன்றின் ஞானஸ்நானத்துக்கு அப்பாவும் அம்மாவும் ஸ்கூட்டரில் கிளம்பினார்கள். மேடவாக்கம் ரோட்டில் ஒரு தண்ணி லாரி. அப்பா அந்த இடத்திலேயே போய்விட்டார். அம்மாவுக்குத் தொடை எலும்பு இரண்டாக முறிந்தது.

மறுநாள் காலையில் ஒரே ஆஸ்பத்திரியில், அம்மாவை ஆபரேஷனுக்குத் தள்ளிக்கொண்டு போனார்கள், அப்பாவை அறுப்பதற்குத் தள்ளிக்கொண்டு போனார்கள். நான் நடுவில் வராந்தாவில் நின்றுகொண்டு, ரோட்டோரம் கிடக்கும் ஸ்கூட்டரை யாராவது தூக்கிக்கொண்டு போய்விடுவார்களோ என்று கவலைப்பட்டுக்கொண்டிருந்தேன். (என் கவலை எப்போதும் அப்படித்தான். பெரிசு வந்தால் அதைப் பார்க்கப் பயந்துகொண்டு, பக்கத்தில் கிடக்கும் சின்னதைப் போய்க் கட்டிக்கொள்ளும்.)

அடக்கத்தன்றும் அதே கதை. அம்மா படுக்கையில். ஸ்டெல்லா அம்மாவோடு. கல்லறைக்கு மூத்த பிள்ளையாக நான். உபதேசியார் ஜெபம் சொல்லிக்கொண்டிருக்கிறார். எனக்கு வாடகை சேரில் ஒன்று குறைகிறதே என்று கவலை. ஐஸ் பெட்டிக்காரர் நாலு மணிக்குள் பெட்டியை எடுக்கணும் என்றாரே, வீட்டில் யார் இருக்கிறார்கள் என்று கவலை. குழிக்கு எந்தப் பக்கம் மரம், எந்தப் பக்கம் சுவர், எத்தனையாவது வரிசை, எதையும் பார்க்கவில்லை.

குழி வெட்டும் ஏழுமலை அண்ணன்தான் மண்ணை மூடிவிட்டு, கட்டைச் சிலுவை ஒன்றை நட்டார்.

"தம்பி, சிலுவைல நம்பர் போட்டுகீறேன், பாத்துக்கோ. மழ வந்துச்சுன்னா கட்டை வுழுந்துடும். அப்பால எல்லா மேடும் ஒரே மாரிதான் கீது."

"தெரியும்ணே," என்றேன். ஆனாலும் முன்ஜாக்கிரதையாக, பேனா வாங்கி நம்பரை உள்ளங்கையில் எழுதிக்கொண்டேன். வாழ்க்கையில் முதல்முறையாகப் பொறுப்பான ஆம்பளை மாதிரி நடந்துகொண்டேன் என்று ஒரு திருப்தி.

அடக்கம் முடிந்து வெளியே வரும்போது வாசல் குழாயில் எல்லாரும் கைகால் கழுவிக்கொண்டு வருவது எங்கள் பக்கம் வழக்கம். நானும் கழுவினேன். மூன்று பிடி மண் அள்ளிப் போட்ட கை. நன்றாகத் தேய்த்து, நகத்தில் இருந்த மண்ணையெல்லாம் எடுத்துக் கழுவினேன். வேனில் ஏறி உட்கார்ந்து கையை விரித்துப் பார்த்தேன். பளிச்சென்று இருந்தது.

கோயில் ஆபீஸில் அடக்கப் பதிவேடு இருக்கிறது, அதில் நம்பர் இருக்கும் என்று எனக்குத் தெரியும். (இது நிஜமாகவே தெரியும்.) மூன்று தடவை போனேன். "அக்கா, எங்கப்பாவை எங்க பொதைச்சோம்னு கொஞ்சம் பாத்துச் சொல்றீங்களா?" என்று எந்த முகத்தோடு கேட்பது? அந்தக் கேள்வி ஞாயிறு இரண்டாம் பூசைக்குள் பங்கு முழுக்கப் போய்விடாதா? முதல் தடவை, பூசை நேரம் கேட்டுவிட்டு வந்தேன். இரண்டாம் தடவை மெழுகுவர்த்தி வாங்கிக்கொண்டு வந்தேன். மூன்றாம் தடவை ஆபீஸில் பதிவேடு பார்க்கிற அக்காவே, "என்னப்பா, எதையோ கேக்கணும்னு வர்ற, கேக்காமலே போற. கல்யாண விஷயமா?" என்றார்கள். அதற்கப்புறம் அந்தப் பக்கமே போகவில்லை.

அம்மா ஆஸ்பத்திரியில் நாற்பது நாள். தொடைக்குள் கம்பி. நான் போய் உட்கார்ந்தால் ஒரே கேள்விதான்.

"எந்த எடம்டா? வெயில்ல கெடக்காரா?"

"இல்லம்மா, நெழல்தான்."

"மரம் இருக்கா?"

"இருக்கும்மா. வேப்பமரம்."

"பக்கத்துல யாரு?"

"நல்ல மனுஷங்கதாம்மா." (என்ன பதில் இது? இன்றைக்கும் நினைத்தால் கூசுகிறது.)

அம்மா அதைக் கேட்டுக் கண்ணை மூடிக்கொள்வாள். கொஞ்ச நேரம் கழித்து, "கல்லறைத் திருநாளுக்குள்ள என்னை நடக்க வெச்சுடு மாதாவே. அவர்கிட்ட ஒண்ணு சொல்லணும்," என்பாள். என்ன சொல்லணும் என்று நாங்கள் கேட்கவில்லை. அடக்கத்தையே பார்க்காதவள், கடைசியாக முகத்தைக்கூடப் பார்க்காதவள். அந்த மேடு ஒன்றுதான் அவளுக்கு மிச்சம். அது எங்கே இருக்கிறது என்று உலகத்தில் தெரிந்திருக்கவேண்டிய ஒரே ஆள் நான்.

நவம்பர் இரண்டாம் தேதி கல்லறைத் திருநாள். இரண்டு நாள் முன்னால், கடையில் லீவு சொல்லிவிட்டு கல்லறைத் தோட்டத்துக்குப் போனேன். மழை அடித்து ஓய்ந்திருந்தது. ஏழுமலை அண்ணன் சொன்னது அப்படியே பலித்திருந்தது. கட்டைச் சிலுவைகள் விழுந்து, நம்பர்கள் கரைந்து, மேடெல்லாம் ஒரே மாதிரி. அண்ணனைச் சுற்றி இருபது பேர். புல் வெட்ட, சுண்ணாம்பு அடிக்க என்று ஆளுக்கொரு பக்கம் இழுத்துக்கொண்டிருந்தார்கள். என்னைப் பார்த்து அங்கிருந்தே கத்தினார்.

"இன்னா தம்பி, அப்பா எங்கன்னு தெரீதா?"

இருபது பேரும் திரும்பிப் பார்த்தார்கள்.

"தெரியும்ணே!"

முடிந்தது. இனி நான்தான் கண்டுபிடிக்கவேண்டும். அம்மாவிடம் சொன்ன அடையாளத்தை வைத்துக்கொண்டே தேடினேன். அதாவது, நான் விட்ட புளுகுக்குப் பொருத்தமாக ஒரு கல்லறை தேடினேன். தோட்டத்தில் ஒரே ஒரு வேப்பமரம்தான். அதன் கீழே சிலுவை இல்லாமல் இரண்டு புது மேடுகள். ஒன்றின்மேல் நாய் படுத்திருந்தது. "ஆண்டவரே, ஓர் அடையாளம் காட்டும்," என்று கண்ணை மூடி ஜெபித்தேன். திறந்தால், நாய் எழுந்து உடம்பை உதறிவிட்டு அடுத்த மேட்டில் போய்ப் படுத்துக்கொண்டது. அப்பாவுக்கு நாய் என்றாலே ஆகாது. ஆகவே நாய் எழுந்துபோன மேடுதான் அப்பா. (நான் ஏன் ஒன்பதாவதைத் தாண்டவில்லை என்று இப்போது உங்களுக்குப் புரிந்திருக்கும்.)

அதற்கப்புறம் வேலையில் ஒரு குறையும் வைக்கவில்லை. புல்லைப் பிடுங்கினேன். சுற்றிச் செங்கல் வைத்துக் கட்டினேன். சிமென்ட் சிலுவை ஒன்று வாங்கி நட்டேன். பிடுங்கிய புல், உடைந்த கட்டை, காலி டப்பா, சிமென்ட் பை எல்லாவற்றையும், தண்ணித் தொட்டி ஓரம் ஏற்கெனவே குப்பையாகக் கிடந்த ஒரு புதரில் கொண்டுபோய்க் கொட்டினேன். மூன்று நடை. மறுநாள் பெயின்ட். எங்கள் கடையிலேயே உசத்தியான வெளிச்சுவர் பெயின்ட், ஏழு வருஷம் மழைக்கும் வெயிலுக்கும் அசையாது என்று நானே ஆயிரம் பேருக்குச் சொல்லி விற்றது. இரண்டு கோட்டிங். அதே பெயின்டின் கறுப்பில் "அ. சூசைராஜ்" என்று எழுதினேன். என் வாழ்க்கையில் நான் எழுதிய மிக அழகான எழுத்து அதுதான்.

கல்லறைத் திருநாள் சாயங்காலம், தூறலில், ஆட்டோ பிடித்து அம்மாவைக் கூட்டிப்போனோம். வாக்கரைப் பிடித்துக்கொண்டு அம்மா சேற்றில் ஒவ்வொரு அடியாக வைத்தாள். எங்கு பார்த்தாலும் சாமந்தி மாலை, மெழுகுவர்த்தி, ஊதுவத்திப் புகை. வேப்பமரத்தடியில் வெள்ளைச் சிலுவையைப் பார்த்ததும் நின்றாள். அப்பா பெயரை விரலால் தடவினாள்.

"நல்லா பண்ணியிருக்கடா, ஆண்டோ," என்றாள்.

என்னை அம்மா பாராட்டி நான் கேட்டது அதுதான் முதல் தடவை. நெஞ்சு விம்மியது. அதோடு, இது அப்பாதானா என்று ஒரு கலக்கம். விம்மலும் கலக்கமும் ஒரே நேரத்தில் வந்தால் விக்கல் வரும் என்பது அன்றைக்குத்தான் தெரிந்தது. விக்கிக்கொண்டே மெழுகுவர்த்தி ஏற்றினேன்.

செங்கல் கட்டின்மேல் அம்மாவை உட்கார வைத்தோம். அப்புறம் ஆரம்பித்தாள்.

"ஏங்க. நான்தான் வந்திருக்கேன். லேட்டா வந்துட்டேன். எப்பவும் லேட்டுன்னுதானே திட்டுவீங்க. அன்னிக்கும் நான்தாங்க லேட்டு. கட்டின பொடவையை அவுத்துட்டு வேற பொடவை கட்டினேன். நல்லாதானே இருக்கு, வா வான்னு வாசல்ல நின்னு கத்துனீங்க. அப்புறம் வண்டியில ஏறிக்கிட்டு, உங்க முதுகுல தட்டித் தட்டி, பூசை ஆரம்பிச்சுடும், சீக்கிரம் போங்க சீக்கிரம் போங்கன்னு சொன்னது நான்தாங்க. மெதுவா ஓட்டுற மனுஷனை நான்தாங்க வெரட்டினேன்..."

ஸ்டெல்லா என் கையைப் பிடித்துக்கொண்டாள். எங்கள் இருவருக்கும் இது தெரியாது. மூன்று மாதமாக அந்தக் கம்பியோடு சேர்த்து இதையும் தொடைக்குள் வைத்துக்கொண்டு படுத்திருந்திருக்கிறாள். அரை மணி நேரம் பேசினாள். அழுதாள். மன்னிப்புக் கேட்டாள். நடுவில் எனக்கு வேலை நிரந்தரமில்லை, ஸ்டெல்லா காலேஜுக்குப் போகணும் என்று குடும்ப நிலவரமும் சொன்னாள்.

பாதியில் ஒரு பெரியவர் வந்து எங்கள் பின்னால் நின்றார். வெள்ளைச் சட்டை, ஒரு கையில் குடை, ஒரு கையில் ரோஜா மாலை. சிலுவையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், அம்மாவைப் பார்த்தார். ஏதோ சொல்ல வாயெடுத்து, மூடிக்கொண்டார். தூறல் வலுத்ததும், மெல்ல ஓர் அடி முன்னால் வந்து குடையை அம்மா தலைக்கு மேலே பிடித்தார். அவர் நனைந்தார். என்ன தங்கமான மனுஷன் என்று நினைத்தேன்.

அம்மா முந்தானையால் முகத்தைத் துடைத்து முடித்த பிறகுதான் அவர் பேசினார்.

"மன்னிக்கணும்மா. நடுவுல பேசக் கூடாதுன்னுதான் நின்னேன்."

"பரவாயில்லைங்க. நீங்க அவருக்குத் தெரிஞ்சவங்களா?"

"இல்லம்மா. என் பேரு ஜெரால்டு. இது... என் வொய்ஃப்."

அம்மாவுக்குப் புரியவில்லை. எனக்குப் புரிந்துவிட்டது. புரிந்தவன் வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். இருபது வயசு, வீட்டுக்குப் பெரிய ஆம்பளை. கௌரவம் விடுமா?

"சார், நீங்க வரிசை மாறி வந்திருப்பீங்க. நல்லா பாருங்க. நம்பர் தெரியுமா உங்களுக்கு?"

அவர் கோபப்படவில்லை. பர்ஸைத் திறந்து, பிளாஸ்டிக் உறையில் போட்ட ஒரு சீட்டை எடுத்துக் காட்டினார். "ஞாயித்துக்கிழமை தவறாம வரேன் தம்பி. போன வாரம் மட்டும் பொண்ணு வீட்டுக்குப் போயிட்டேன். கல் சொல்லியிருக்கேன், அடுத்த மாசம் வரும். ரீட்டா. கணக்கு டீச்சரா இருந்தாங்க."

அதற்குள் ஏழுமலை அண்ணன் வந்துவிட்டார். சிலுவையைப் பார்த்தார். தலையில் கை வைத்துக்கொண்டார்.

"அடப்பாவி! தெரியும் தெரியும்னியே! டீச்சரம்மா தலமாட்ல உங்கப்பன் பேர எய்தி வெச்சுகீற!"

சுற்றிலும் மெழுகுவர்த்தி ஏற்றிக்கொண்டிருந்தவர்கள் எல்லாரும் கூடிவிட்டார்கள். கல்லறைத் தோட்டத்தில் சத்தமாகச் சிரிக்கக் கூடாது என்பதால் தோளைக் குலுக்கிக் குலுக்கிச் சிரித்தார்கள். யாரோ ஓர் ஆள் கேட்காத தூரத்தில் இருந்தவர்களுக்கு விவரமாக எடுத்துச் சொன்னார்.

அம்மா என்னைப் பார்த்தாள். திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை.

"அப்போ அவரு எங்கடா?"

என் வாயிலிருந்து விக்கல்தான் வந்தது.

"சூசைராஜ்தானே? தண்ணி லாரி மோதுனவரு? வாம்மா, அந்தாண்ட கீறாரு," என்று ஏழுமலை அண்ணன் முன்னால் நடந்தார். நாலு வரிசை தாண்டிப் போகவேண்டும். வாக்கர் சேற்றில் புதைந்து புதைந்து எழுந்தது. ஒரு பக்கம் ஸ்டெல்லா, ஒரு பக்கம் ஜெரால்டு சார். நான் பின்னால். அண்ணன் போகிற திசை தெரியத் தெரிய என் கால் பின்னுக்கு இழுத்தது. தண்ணித் தொட்டி. தொட்டி ஓரம். புதர்.

"எந்தக் கய்தடா இங்க குப்பய கொட்னது?" என்று அண்ணன் கத்தினார்.

பிடுங்கிய புல். உடைந்த கட்டை. சிமென்ட் பை. ஸ்டெல்லா குனிந்து ஒரு காலி டப்பாவை எடுத்தாள். திருப்பிப் பார்த்தாள்.

"அண்ணா, இது உன் கடை டப்பா."

மூன்று பிடி மண் போட்டு மூடினேன். மூன்று நடை குப்பையும் நானே போட்டேன். என்னைப் பெற்ற அம்மா, என் தங்கை, குழி வெட்டுகிறவர், முன்பின் தெரியாத ஒருவர், இத்தனை பேர் முன்னால் அந்தச் சேற்றில் நின்றபோது, கடைசியாகக் காலியாக இருக்கிற குழி எது என்று ஏழுமலை அண்ணனிடம் கேட்கலாம் போலிருந்தது.

அம்மா குப்பையைப் பார்த்துக்கொண்டு நின்றாள். அப்புறம் அவள் தோள் குலுங்கியது. அழுகிறாள் என்று பிடிக்கப் போனேன். சிரித்துக்கொண்டிருந்தாள்.

"பாத்தீங்களா உங்க புள்ளையை? ஊரான் வீட்டுக்கு வெள்ளை அடிச்சுட்டு, உங்க தலையில குப்பையைக் கொட்டியிருக்கான்!"

ஆகஸ்டுக்கு அப்புறம் அம்மா சிரித்தது அன்றைக்குத்தான். சிரிப்பு பாதியில் உடைந்து வேறு ஒன்றாக மாறியது. ஸ்டெல்லா கட்டிக்கொண்டாள். ஜெரால்டு சார் குடையை மடித்துத் தொட்டிமேல் வைத்துவிட்டு, முழங்கை வரை சட்டையை மடித்துக்கொண்டு, என் குப்பையை அள்ள ஆரம்பித்தார். ரோஜா மாலையை இரண்டாக அறுத்து, பாதியை அப்பாவுக்கு வைத்தார். தீர்த்தம் தெளித்துக்கொண்டே வந்த ஃபாதர், சிலுவையும் இல்லாமல் பெயரும் இல்லாமல் கிடந்த மேட்டைப் பார்த்து, "யாருப்பா இது?" என்று கேட்டார். "எங்கப்பா, ஃபாதர்," என்றேன். நிஜமாகவே தெரிந்து சொன்னேன்.

அம்மா மட்டும் அப்பாவிடம் அப்புறம் ஒன்றும் பேசவில்லை. மேட்டின்மேல் கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். "அங்கேயே எல்லாத்தையும் சொல்லிட்டேங்க. மறுபடி சொல்ல தெம்பு இல்ல," என்று மட்டும் சொன்னாள்.

மறுநாள் டீச்சரின் சிலுவையிலிருந்து அப்பா பெயரை அழிக்கப் போனேன். தின்னர் போட்டேன், உப்புத்தாள் போட்டேன். அசையவில்லை. ஏழு வருஷம் என்று கம்பெனிக்காரன் சொன்னது சத்தியம். கடைசியில் சிலுவையையே பெயர்த்து அப்பா தலைமாட்டில் நட்டுவிட்டு, டீச்சருக்கு வேறொன்று வாங்கி வைத்தேன். செங்கல் கட்டை எடுக்கவேண்டாம் என்று ஜெரால்டு சார் சொல்லிவிட்டார். "உக்கார்றதுக்கு வசதியா இருக்கு தம்பி. உங்கம்மாவும் வந்தா உக்காரணும்ல?"

அம்மா வந்தாள். வருஷா வருஷம் வருகிறாள். இது நடந்து எட்டு வருஷம் ஆகிறது. அப்பாவுக்கு மெழுகுவர்த்தி ஏற்றி ஜெபமாலை சொல்லிவிட்டு, வாக்கிங் ஸ்டிக்கை ஊன்றிக்கொண்டு நேராக வேப்பமரத்தடிக்குப் போவாள். செங்கல் கட்டில் உட்காருவாள். "டீச்சர், போன வருஷம் எதுல விட்டேன்?" என்று ஆரம்பிப்பாள். முதல் பாகம் கேட்டவர்களுக்கு மீதியைச் சொல்லாமல் விடுவது மரியாதை இல்லையாம். ஜெரால்டு சார், "நீங்க பேசுங்க, நான் அந்தப் பக்கம் இருக்கேன்," என்று அப்பா பக்கம் போய் நின்றுகொள்வார்.

வீட்டில் இது ஒரு பிழைப்பாகவே ஆகிவிட்டது. கேஸ் சிலிண்டர் பதிவு பண்ண மறந்தால், சம்பளத்தன்று லேட்டாக வந்தால், "இரு, நவம்பர் வரட்டும், டீச்சர்கிட்ட சொல்றேன்," என்பாள் அம்மா. கல்யாணமாகி வந்த ஒரு வாரத்தில் என் மனைவியும் பழகிக்கொண்டுவிட்டாள். "அத்தை, இதையும் லிஸ்ட்ல சேத்துக்கோங்க" என்பாள். இருபத்தெட்டு வயசில், ஒரு பெயின்ட் கடைக்கு மேனேஜர், டீச்சரிடம் சொல்லிவிடுவார்கள் என்று பயந்துகொண்டு வாழ்கிறேன்.

எனக்கு மட்டும் ஒரு கவலை ரொம்ப நாளாக அரித்துக்கொண்டிருந்தது. (எனக்கா அரிக்காது?) போன வருஷம் திரும்பி வரும்போது ஆட்டோவில் கேட்டே விட்டேன்.

"அம்மா, அன்னிக்கு அந்தப் பொடவை விஷயம்... அப்பாகிட்ட நீ மறுபடி சொல்லவே இல்லையே?"

அம்மா வெளியே பார்த்துக்கொண்டே வந்தாள். பல்லாவரம் பாலத்தில் ஏறும்போது என் பக்கம் திரும்பினாள்.

"டீச்சர் சொல்லியிருப்பாங்கடா. அவங்க என்ன, உன்னை மாதிரியா?"